வெள்ளிக்கிழமை வடிதாள்கள்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கண்டி என்று எழுதிய பலகையை மூன்று முறை பார்த்துவிட்டு ஏறிய பஸ்ஸிலும், "கண்டிக்குத்தானே போகுது?" என்று கண்டக்டரிடம் கேட்பேன். புசல்லாவை டவுனில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, விரலால் அழுத்தி, மீன்காரர் அலுத்துப்போய் "அக்கா, அது செத்துப்போச்சுங்க, சத்தியமா" என்று சொல்லும்வரை விடமாட்டேன். இந்தக் குணத்தால் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இதையே தகுதியாகக் கேட்கிற ஒரு வேலையும் உலகத்தில் இருந்தது. அது எனக்கே கிடைத்தது.

கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடம். கடலில் இருக்கும் காபனை, அதாவது கரியை, அளக்கும் வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "கண்டியில ஏதும்மா கடலு? அந்தக் குளத்தத்தான் கடல்னு சொல்றியா?" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கடலைப் படித்த பேராசிரியை கண்டியில் இருந்தார், அதனால் கடலும் கண்டிக்கு வந்தது. திருகோணமலையில் போத்தல் போத்தலாக அள்ளி, ஐஸ் போட்ட ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிகளில் அடுக்கி, தம்புள்ளை, மாத்தளை, அலவத்துகொட, கட்டுகஸ்தோட்டைப் பாலம் என்று வேனில் மலையேறி வரும். பெட்டியைத் திறக்கும்போது உப்பு வாடை வரும். மலையில் பிறந்த எனக்குக் கடல் என்றால் அந்த வாடைதான். முழங்காலுக்கு மேல் கடலில் நான் நனைந்ததே இல்லை.

வேலை இதுதான். கடல் காற்றிலிருந்து கரியை வாங்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசிகள் அதைத் தின்று உடம்பாக்கிக்கொள்கின்றன. அவை செத்து ஆழத்துக்குப் போகும்போது கரியும் கூடவே போகிறது. எவ்வளவு போகிறது என்பதை ஒரு நாடு தனியாக அளந்துவிட முடியாது. கடலுக்கு வேலி கிடையாது. ஆகவே இந்து சமுத்திரத்தைச் சுற்றியிருந்த சில ஆய்வுகூடங்கள் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்திருந்தன. எல்லோருக்கும் ஒரே செய்முறை, ஒரே மாதிரிப் போத்தல், ஒரே மாதிரி வடிதாள். எல்லோருடைய எண்களும் போய்ச் சேர்வது கணினியில் இருந்த ஒரே பொது அட்டவணைக்கு.

அந்த அட்டவணையை ஐரோப்பாவில் ஒரு பெண் காவல் காத்தார். சரிபார்ப்பாளர் என்று பெயர். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அவர் ஓர் இலக்கம் போடுவார். இரண்டு என்றால் நல்லது. மூன்று என்றால் சந்தேகத்துக்குரியது. நான்கு என்றால் குப்பை. உலகத்தில் சந்தேகத்துக்கென்றே ஓர் இலக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. என் ஆட்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் கூடத்தில் இந்த வேலைக்கு இரண்டு பேர். நான், இன்னொருவர் அலவத்துகொடக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் நானா என்று கூப்பிடுவேன், அவர் தங்கச்சி என்பார். கடல் தண்ணீரைக் கொண்டுவரும் வேலை அவருடையது. பதினைந்து நாளுக்கு ஒரு புதன்கிழமை விடியலில் போய், மீனவர் படகில் ஏறித் தண்ணீர் அள்ளி, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். உலை என் பொறுப்பு.

உலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் பாவிக்கும் வடிதாள் கண்ணாடி நாரால் ஆனது, பெரிய காசு அளவில் வெள்ளை வட்டம். கடல் தண்ணீரை அதன் வழியே இழுத்தால் பாசியும் தூசியும் மேலே தங்கும். அந்தத் தாளைக் காயவைத்து ஈயத்தாளில் சுற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினால், அங்கே இயந்திரத்தில் எரித்து எவ்வளவு காபன் என்று சொல்வார்கள். ஆகவே தாளில் முதலிலேயே காபன் இருக்கக் கூடாது. அதற்காக முந்தின நாள் மின் உலையில் மணிக்கணக்காகச் சுட்டு எடுப்போம். சுட்ட தாளில் ஒன்றைத் தண்ணீர் படாமல் அப்படியே அனுப்புவோம். அதற்கு வெற்றுத்தாள் என்று பெயர். வெற்றுத்தாளில் என்ன எண் வருகிறதோ, அதை மற்ற எண்களிலிருந்து கழித்துவிடுவார்கள்.

என் அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையர் மெஷினில் இருந்தவர். வெள்ளிக்கிழமை காலையில் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாம்பிராணி காட்டிவிட்டுத்தான் சூடேற்றுவார்கள். நெருப்போடு வேலை செய்கிறவனுக்கு அது உயிருக்குக் காப்பு. உலை என் கைக்கு வந்த நாளிலிருந்து நானும் அதையே செய்தேன். வெள்ளி காலையில் வேறு யாரும் வருவதற்கு முன், வியாழன் சுட்ட தாள்கள் இன்னும் இளஞ்சூடாக உள்ளே இருக்கும்போது, உலைக் கதவில் பொட்டு வைத்து, கதவைத் திறந்து, தூபக்காலை மூன்று சுற்றுக் காட்டுவேன். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டால் புகை போய்விடும். அந்தப் பெரிய உலை ஒரு நாள்கூட எனக்குத் தீங்கு செய்ததில்லை.

செய்முறைப்படி ஒரே தண்ணீரை இரண்டு பேர், இரண்டு நாளில் வடிக்க வேண்டும். ஒருவர் கை மற்றவர் கையைச் சரிபார்க்கும். வியாழன் என்னுடையது, வெள்ளி நானாவுடையது. ஐரோப்பாவிலிருந்து எண்கள் வர மூன்று நாலு மாதமாகும். வந்தவுடன் நான் அச்செடுத்து, மேசையில் பரப்பி, ரூலர் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பேன். திரையில் பார்க்கிற எண்ணை நான் நம்புவதில்லை, தாளில் இருந்தால்தான் நம்பிக்கை. அகலமான அட்டவணை அது. கடைசிப் பத்தி ஒன்று தாளுக்கு வெளியே போய் வெட்டுப்பட்டுவிடும். எண்களும் இலக்கங்களும் தெரிந்தால் எனக்குப் போதும்.

அப்படிப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை எண்கள் எல்லாம் வியாழனைவிடக் கூடுதல். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரில் காபன் கொஞ்சம் குறைந்தால் அர்த்தம் இருக்கிறது, உள்ளே இருக்கும் கிருமி தின்றுவிடும். கூடினால்? நின்ற தண்ணீரில் கரி எங்கிருந்து முளைக்கும்?

அன்றிலிருந்து நான் நானாவைப் பார்க்கத் தொடங்கினேன்.

பார்க்கத் தொடங்கினால் எல்லாம் தெரியும், அதுதான் சந்தேகத்தின் வசதி. வெள்ளிக்கிழமை அவர் ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும். பதினொன்றரைக்கே கடிகாரத்தைப் பார்க்கிறார். அவசரத்தில் போத்தலைச் சரியாகக் குலுக்குவதில்லை போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் அத்தர் பூசி வருவார். அவர் வாசலில் வரும்போதே வாசனை முன்னால் வந்துவிடும். வாசனை என்றால் என்ன, காபன்தானே? அது தாளில் ஏறாதா? எனக்கு மூக்கு நல்ல மூக்கு. மீன்காரரைக் கேட்டால் சொல்வார்.

இன்னும் இருந்தது. தண்ணீர் வேன் அலவத்துகொடயில் அவர் வீட்டு வாசலில் கால் மணி நேரம் நிற்கும் என்று டிரைவர் வாய்தவறிச் சொன்னார். பெட்டி வெயிலில் சூடாகியிருக்கும் என்று குறித்துக்கொண்டேன். வடிதாள் பெட்டியில் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு தாள் குறைந்தது. டீப் ஃப்ரீசரின் மூலையில் ஒரு பழைய பால்மா டின் முளைத்திருந்தது. ஒரு நாள் அவர் ஜும்மாவுக்குப் போயிருந்தபோது மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஈயத்தாள் பொட்டலங்கள். மேலே அவர் கையெழுத்தில் தேதிகள். எல்லாம் வெள்ளிக்கிழமைத் தேதிகள். பிழைத்துப்போன தாள்களை ஒளித்து வைத்துவிட்டு வேறு தாளில் வடித்து அனுப்புகிறார் என்று முடிவு கட்டினேன். சத்தம் போடாமல் மூடி வைத்தேன்.

அதற்கு முன்பே ஒருமுறை என்னிடம் வந்து நின்றார்.

"தங்கச்சி, வியாழனுக்கு வெற்றுத்தாள் ஓண்டு எடுக்கிற மாதிரி வெள்ளிக்கும் ஓண்டு எடுத்தா என்ன?"

"ஏன் நானா? ஒரு பயணத்துக்கு ஒன்னு போதும்னு செய்முறையிலயே இருக்கே. தாள் வெளிநாட்டுல இருந்து வருது, வீணாக்க முடியாதுங்க."

"இல்ல, சும்மா கேட்டேன். ஓண்டு எடுத்துப் பாத்தா நல்லம் எண்டு நெனச்சேன்."

"சும்மா எதுக்குங்க எடுக்கணும்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு உலையைப் பார்த்தார், சரி என்று போய்விட்டார். கணக்கைக் குழப்பத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். சந்தேகப்படுகிறவளுக்கு நேரான கேள்வியும் கோணலாகத்தான் கேட்கும்.

அப்போது நாடும் அப்படித்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் குண்டுகள் வெடித்ததற்குப் பிறகு வந்த காலம் அது. முஸ்லிம்களின் பைகளை எல்லா வாசலிலும் திறந்து பார்த்தார்கள். எங்கள் கேட்டிலும் காவலாளி நானாவின் சோற்றுப் பார்சலை அவிழ்க்கச் சொல்வார். பின்னால் வரும் என்னைத் தலையசைத்து உள்ளே விடுவார். அந்தக் காவலாளியின் பார்வை எனக்குப் புதிதல்ல. கொழும்பில் படித்த காலத்தில் தமிழ்ப் பிள்ளை என்று ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் அடையாள அட்டையோடு அந்தப் பார்வைக்கு முன்னால் நின்றவள் நான். இப்போது அது என்னை விட்டு இன்னொருவர் மேல் போயிருந்தது. எனக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

இந்த நேரத்தில்தான் கப்பல் வந்தது. வலையமைப்பு ஒரு கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பப்போகிறது, ஆறு வாரம், ஒவ்வொரு கூடத்திலிருந்தும் ஒருவர். எங்களுக்கும் ஓர் இடம். பேராசிரியை அறிவித்தபோது எல்லோரும் நானாவைப் பார்த்தார்கள். எத்தனையோ வருடமாகக் கடலை முதுகில் சுமந்து மலையேற்றியவர் அவர். மீனவர் படகு போகிற தூரத்துக்கு அப்பால் போனதில்லை. "நடுக்கடல்ல தண்ணி என்ன நெறத்துல ஈக்கும் எண்டு ஒருக்காப் பாக்கோணும், அவ்வளவுதான்" என்று தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் சொல்வார். கப்பல் செய்தி வந்த வாரம் அவர் மகள் அவருக்கு ஒரு குளிர்த்தொப்பி பின்னத் தொடங்கிவிட்டாள். வங்காள விரிகுடாவுக்குக் குளிர்த்தொப்பி எதற்கு என்று நாங்கள் கேலி செய்தோம்.

எனக்கும் போக ஆசைதான். அதையும் மறைக்கப்போவதில்லை. ஆனால் அன்று என்னிடமே நான் சொல்லிக்கொண்டது வேறு. வெள்ளிக்கிழமை எண்களை இப்படிக் கெடுக்கிற ஒருவர் கப்பலில் போனால் ஆறு வாரக் கடலும் கெட்டுப்போகும், அதைச் சொல்வது என் கடமை என்று சொல்லிக்கொண்டேன். பேராசிரியையிடம் வாய்திறக்கவில்லை. அவரிடம் சொன்னால் நானாவைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கேட்பார். ஐரோப்பாவிலிருந்த சரிபார்ப்பாளருக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வெள்ளிக்கிழமைகளில் வடிப்பவர் தொழுகைக்குப் போகும் அவசரத்தில் வேலையை முடிக்கிறார், அன்று வாசனைத் திரவியமும் பூசி வருகிறார், இந்த எண்களைச் சந்தேகத்துக்குரியவை என்று குறிப்பது நல்லது என்றேன். என் பெயரையும் கீழே போட்டேன். அவர் நன்றி என்று ஒரு வரி அனுப்பினார்.

அடுத்து நான் அச்செடுத்த அட்டவணையில் நானாவின் வெள்ளிக்கிழமைகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மூன்று விழுந்திருந்தது. மேலிருந்து கீழ்வரை மூன்று, மூன்று, மூன்று.

அந்த வெள்ளி நானா அத்தர் இல்லாமல் வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி எல்லாம் வழக்கம்போல. வாசனை மட்டும் இல்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. பார்த்தாயா, குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று தெரிந்து அடக்கி வாசிக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அதைவிட வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. "தேத்தண்ணி ஊத்தட்டா தங்கச்சி?" என்று அவர் எப்போதும்போலக் கேட்டார். அதையும் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவு மூன்று வாங்கியவரைக் கப்பலில் ஏற்ற வலையமைப்பு சம்மதிக்கவில்லை. பேராசிரியைக்கும் வேறு வழி இருக்கவில்லை. நானாவை வடிக்கும் வேலையிலிருந்து எடுத்துப் போத்தல் கழுவும் தொட்டிக்கு அனுப்பினார். தண்ணீர் கொண்டுவருவது மட்டும் மிச்சம். வேறு ஆள் இல்லாததால் வியாழனும் வெள்ளியும் எனக்கே வந்தன. கப்பல் இடமும் எனக்கே வந்தது. நானா வந்து கைகொடுத்தார்.

"போயிட்டு வாங்க தங்கச்சி. நடுக்கடல்ல நெறத்தப் பாத்து வந்து செல்லுங்க."

நான் கடவுச்சீட்டு எடுத்தேன், மருத்துவப் பரிசோதனை செய்தேன், தோட்டத்தில் எல்லோரிடமும் சொன்னேன். கண்டிக் குளத்தைச் சொல்லிச் சிரித்தவர்கள் இப்போது கப்பலைப் பற்றிக் கேட்டார்கள். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கப்பல் புறப்பட ஐந்து வாரம் இருக்கும்போது எண்கள் வந்தன. முழுக்க முழுக்க என் கையால் வடித்த எண்கள். அச்செடுத்து, ரூலர் வைத்து, தேத்தண்ணியோடு உட்கார்ந்தேன். வியாழன் சரி. வெள்ளி கூடுதல். அடுத்த வியாழன் சரி. வெள்ளி கூடுதல். தேத்தண்ணி ஆறிப்போனது. நானாவின் வெள்ளிகள் எவ்வளவு கூடியிருந்தனவோ, என் வெள்ளிகளும் ஏறக்குறைய அவ்வளவே கூடியிருந்தன. நான் ஜும்மாவுக்குப் போகிறவள் அல்ல, அத்தர் பூசுகிறவளும் அல்ல.

அப்போதும் நான் என்னைச் சந்தேகப்படவில்லை. என் தாளை அவர்தான் தொட்டிருக்க வேண்டும், பழிவாங்குகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு கூட்டுகிற அம்மாவை நினைத்தேன். பிறகு மின்வெட்டை, பிறகு ஐரோப்பாவின் இயந்திரத்தை. ஒவ்வொருவரையும் மாறி மாறி மனதுக்குள் கூண்டில் ஏற்றினேன். இரண்டு நாள் இப்படிப் போனது.

மூன்றாம் நாள்தான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. என் வெள்ளிக்கிழமைகளில் ஒன்றே ஒன்று சரியாக இருந்தது. முந்தின நாள் வியாழனைவிடச் சற்றுக் குறைவு, இருக்க வேண்டிய மாதிரி. தேதியைப் பார்த்தேன். டயரியை எடுத்துப் புரட்டினேன். பெரியப்பா செத்து பதினாறு முடியாத வெள்ளி அது. எங்கள் வீட்டுக்குத் தீட்டு. பதினாறு நாளும் விளக்கேற்றவில்லை, பொட்டு வைக்கவில்லை. உலைக்குச் சாம்பிராணி காட்டவில்லை.

நான் கதிரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. சுட்டுச் சுத்தமான தாள் அது, எதையும் பிடித்துக்கொள்ளும். அதை இளஞ்சூட்டில் வைத்து, கதவைத் திறந்து, மூன்று சுற்றுக் கரிப்புகையை நானே ஊட்டியிருக்கிறேன். வெற்றுத்தாளைப் புகை காட்டுவதற்கு முன், வியாழனே எடுத்ததால் அது ஒன்றையும் காட்டிக்கொடுக்கவில்லை. காபன் அளக்கிற கூடத்தில் அவருடைய அத்தரை மோப்பம் பிடித்த மூக்குக்கு என் சாம்பிராணி மட்டும் மணக்கவே இல்லை. சாமி வாசனை என்று நினைத்த பிறகு அதில் கரி இருக்கும் என்று நினைக்கத் தோன்றவில்லை.

பால்மா டின் ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போனேன். நானா கை முழுக்க நுரையோடு போத்தல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, இதுக்குள்ள என்னங்க இருக்கு?"

டின்னைப் பார்த்தார். குழாயை மூடினார்.

"வெற்றுத்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கும் ஓண்டு. உங்ககிட்டக் கேட்டுக் கெடைக்கல்ல. அதுதான் செல்லாம எடுத்து வெச்சேன். மன்னிச்சிக்கோங்க."

"புகைனு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் எண்டு செல்ல ஏலா. சந்தேகம்தான் ஈந்திச்சி."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! இதை அனுப்பியிருந்தா உங்க பேருல மூனு விழுந்திருக்காதே!"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். அவசரமே இல்லாமல் துடைத்தார்.

"தங்கச்சி, அது நீங்க சாமி கும்புடுற விசயம். இந்தக் காலத்துல நான் வாயத் தொறந்தா, சோனகன் சாமி கும்புட விடுறானில்ல எண்டுதான் கத பெய்த்துச் சேரும். அதோட எனக்கு ஈந்தது வெறும் சந்தேகம். சந்தேகத்த மட்டும் வெச்சிக்கிட்டு ஒரு ஆளப் பத்தி எழுதிப் போட ஏலுமா?"

எழுதிப் போட. நான் செய்தது அதைத்தான். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"நானா, நான் ஒன்னு செஞ்சிட்டேன். அந்தப் பொம்பளைக்கு…"

"தெரியும்."

"எப்படி?"

"கடைசிப் பத்தியில ஈக்கே."

எனக்குப் புரியவில்லை. அவர் என் மேசைக்கு வந்தார், கணினியில் அட்டவணையைத் திறந்தார், வலப்பக்கம் தள்ளினார். என் அச்சுத்தாளில் எப்போதும் வெட்டுப்பட்டுப்போகும் அந்தப் பத்தி வந்தது. மேலே காரணம் என்று தலைப்பு. சந்தேகம் என்று குறித்தால் ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுத வேண்டும் என்பது வலையமைப்பின் விதி. சரிபார்ப்பாளர் என் மின்னஞ்சலை அப்படியே எடுத்து அங்கே ஒட்டியிருந்தார். தொழுகை அவசரம், வாசனைத் திரவியம். கீழே என் பெயர். ஒவ்வொரு மூன்றுக்கும் பக்கத்தில் அதே வரிகள். ஒட்டிய தேதியும் இருந்தது. அந்தத் தேதிக்கு அடுத்த வெள்ளியிலிருந்துதான் நானா அத்தர் பூசாமல் வந்தார்.

அத்தனை மாதமும் அதைப் படித்துவிட்டுத்தான் என் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார். கப்பலுக்குப் போய் வாருங்கள் என்று கைகொடுத்திருக்கிறார். நான் அவர் முன்னால் அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றே பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "உலைக்குள்ளேயா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு எழுதும்படி கணினியை என் பக்கம் திருப்பினார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சரிபார்ப்பாளருக்கு எழுதினேன். உலை என் பொறுப்பு, புகை காட்டியவள் நான், அவர் அவசரப்பட்டதை நான் ஒருநாளும் கண்ணால் பார்க்கவில்லை, அவசரப்பட்டவள் நான்தான் என்று எழுதினேன். டின்னிலிருந்த வெற்றுத்தாள்களையும் அனுப்பி வைத்தோம்.

கப்பலில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடச் சொன்னேன். பட்டியல் மூடியாகிவிட்டது, துறைமுக அனுமதிகள் எடுத்தாகிவிட்டது, போவதானால் நீ போ, இல்லாவிட்டால் இடம் வேறு நாட்டுக்குப் போகும் என்று பதில் வந்தது. நான் போகவில்லை. இடம் வேறு நாட்டுக்குப் போனது. நானாவுக்கு அதில் கோபம். என்னோடு அவர் கோபப்பட்டது அந்த ஒரே தடவைதான்.

"ரெண்டு பேரும் பாக்காம ஆருக்கு என்ன லாபம்? நீங்களாவது பாத்து வந்து செல்லியிருப்பீங்க!"

வெற்றுத்தாள்களை எரித்து, வந்ததைக் கழித்தார்கள். நானாவின் வெள்ளிகள் என் வியாழன்களைவிடச் சற்றுக் குறைவாக, இருக்க வேண்டிய இடத்தில் நின்றன. அட்டவணையில் மூன்றுகள் எல்லாம் இரண்டாக மாறின. அவர் திரும்பவும் வடிக்க வந்தார். இப்போது ஒவ்வொரு நாளும் வெற்றுத்தாள் எடுக்கிறோம். செய்முறையிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள், எல்லா நாட்டுக்கும். சாம்பிராணியை நான் கேட்டுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து அரசமரத்தடியில் காட்டிவிட்டு உள்ளே வருகிறேன்.

காரணம் என்ற அந்தப் பத்தியில் என் பழைய வரிகளை அழித்துவிடும்படி மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். இலக்கத்தை மாற்றினாலும் எழுதிய காரணத்தை அழிக்க மாட்டார்களாம், கீழே சேர்க்க மட்டும்தான் முடியுமாம். ஆகவே திருகோணமலைக் கடலின் எண்களை உலகத்தில் யார் எடுத்தாலும் முதலில் தொழுகையும் அத்தரும் வரும், அதற்குக் கீழேதான் என் ஒப்புதல் வரும். நான் இப்போது அட்டவணையை அச்செடுப்பதில்லை. திரையில் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நானா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வருவார். "அத்தர் பூசிட்டு வாங்க நானா, அதால ஒன்னும் ஆகாதுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "பாப்பம் தங்கச்சி" என்று சிரிப்பார். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு வெள்ளியும் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். இன்றுவரை ஒன்றும் இல்லை.